இறுதிக்கட்டப் புற்றுநோய்: வீட்டுச் செய்தியை எங்கே, யாருக்கு எழுதுவது?

இனிக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒருவர் தலையில் புதிய வேலை ஒன்று விழுகிறது: செய்தி சொல்லும் வேலை. ஸ்கேனில் என்ன வந்தது, கீமோ தொடருமா, சாப்பிடுகிறாரா, பார்க்க வரலாமா என்று ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலை அத்தைக்கும் அலுவலக நண்பருக்கும் பள்ளித் தோழருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் அழுவார்கள், சொல்பவரே அவர்களைத் தேற்றவும் வேண்டும். நோயாளியின் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் தொலைபேசியில் கரைகிறது. இணையத்தில் எழுதிவிடலாமே என்ற யோசனை பெரும்பாலும் இந்தக் களைப்பில்தான் பிறக்கிறது. விளம்பர ஆசை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அந்தத் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தவர்கள் இல்லை.

முன்னால் இருக்கும் வழிகள் சில. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் எல்லோரும் படிக்கும்படி எழுதலாம். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கலாம். நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே நடத்தப்படும் தனிப்பக்கச் சேவையில் எழுதலாம். எழுத்தே வேண்டாம் என்று ஓர் உறவினரைப் பேச வைத்துவிடலாம். யாருக்கும் காட்டாமல் எழுதி மட்டும் வைக்கலாம். என் சாய்வை மறைக்கவில்லை: பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு திசையில் மட்டும் செய்தி போகும் மூடிய குழுவும், அதற்குப் பக்கத்தில் யாரும் படிக்காத ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். திறந்த பக்கம் நோயாளி தாமே கேட்டால் மட்டும்.

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்னொன்று தெளிவாக வேண்டும். நோயாளிக்குத் தம் நிலை எவ்வளவு தெரியும்? 1965இல் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் இருந்தவர்களைச் சுற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதை ஆராய்ந்து, நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது என்பது ஒன்று. நோயாளி சந்தேகப்படுகிறார் என்பது அடுத்தது. எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் எல்லோரும் நடிக்கிறார்கள் என்பது மூன்றாவது. எல்லோரும் அறிந்து வெளிப்படையாகப் பேசுவது நான்காவது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் இந்தப் பிரிவினை வீடுகளில் அப்படியே பொருந்துகிறது.

முதல் மூன்று நிலைகளில் இருக்கும் வீடு இணையத்தில் எதையும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் மிகவும் நடைமுறையானது. நோயாளியின் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அவருக்குச் சொல்லாத ‘நான்காம் நிலைப் புற்றுநோய்’ என்ற சொல்லை நாற்பது பேருக்கு எழுதினால், அதில் ஒருவர் ‘தைரியமாக இருங்கள்’ என்று அவருக்கே நேரில் எழுதிவிடுவார். நல்லெண்ணத்தில்தான் எழுதுவார். சொந்த நோயின் முடிவை ஒரு தூரத்து உறவினரின் ஆறுதல் செய்தியிலிருந்து தெரிந்துகொள்வதைவிட மோசமான வழி எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். வீட்டில் சொல்லாததை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவிடுவார். ஆகவே முதலில் வீட்டுக்குள் பேச்சு நடக்க வேண்டும். அது நடக்காதவரை செய்தித் தொடர்பாளராக ஓர் உறவினரை வைக்கும் பழைய வழி மட்டுமே பாதுகாப்பானது.

இனித் திறந்த பக்கம். இதற்கு ஆதரவாக வலுவான சாட்சிகள் உண்டு. பிரிட்டனில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சருக்கு அரிதான, குணப்படுத்த முடியாத புற்றுநோய். 2013இல் நோயாளியாக மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். ‘வணக்கம், என் பெயர் இது’ என்று தொடங்குங்கள் என்று ட்விட்டரில் அவர் ஆரம்பித்த இயக்கம் அந்நாட்டின் பொது மருத்துவச் சேவை முழுவதும் பரவியது. 2016இல் இறக்கும்வரை தம் நோயைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். அதே நாட்டின் டெபோரா ஜேம்ஸ் குடல் புற்றுநோயுடன் வாழ்ந்ததைப் பல ஆண்டுகள் பொதுவில் பேசியவர். 2022 மே மாதம் சிகிச்சையை நிறுத்திக்கொண்டு பெற்றோர் வீட்டில் இறுதிக்காலப் பராமரிப்புக்கு மாறுவதாக அறிவித்தார். அப்போது புற்றுநோய் ஆய்வுக்காகத் தொடங்கிய நிதிக்குச் சில வாரங்களில் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஜூன் 28ஆம் தேதி இறந்தார். குடல் புற்றுநோயின் அறிகுறிகளைக் கூச்சமில்லாமல் பேசலாம் என்ற துணிவை அவர் பலருக்குக் கொடுத்தார்.

இந்த எடுத்துக்காட்டுகளைக் காட்டி ‘நாமும் எழுதலாம்’ என்று குடும்பங்கள் முடிவெடுப்பதில்தான் எனக்குத் தயக்கம். அவர்கள் தங்கள் சாவைத் தாங்களே எழுதினார்கள். எதைச் சொல்வது, எந்தப் படத்தைக் காட்டுவது என்பது அவர்கள் கையில் இருந்தது. அம்மாவின் மொட்டைத் தலையை மகன் படமெடுத்துப் போடுவது அந்த வகையைச் சேர்ந்ததே இல்லை. அம்மா கண்ணாடி முன் நின்று தாமே எடுத்துப் போட்டால் அது வேறு.

தாமே எழுதியவர்களைக்கூட உலகம் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் லிசா போன்செக் ஆடம்ஸ் என்பவர், பரவிய மார்பகப் புற்றுநோயுடன் வாழ்ந்த நாட்களை ட்விட்டரில் விடாமல் எழுதிவந்தார். 2014 ஜனவரியில் கார்டியன் இதழில் எம்மா கெல்லரும், சில நாட்களில் நியூயார்க் டைம்ஸில் அவருடைய கணவர் பில் கெல்லரும், இப்படி எழுதுவது சரியா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசகர்கள் கொதித்தார்கள், கார்டியன் கட்டுரையை நீக்கிவிட்டது. ஆடம்ஸ் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார். சிகிச்சையில் இருக்கும் ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய், தம் எழுத்துக்கு நியாயம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. பொதுவில் எழுதினால் பொது விமர்சனமும் வரும். அதைத் தாங்கும் தெம்பு உங்கள் வீட்டில் அந்த மாதங்களில் யாருக்கு இருக்கும்?

விமர்சனம் வராவிட்டாலும் அறிவுரை நிச்சயம் வரும். ஒரு வேரைக் காய்ச்சிக் குடித்தால் கட்டி கரையும், சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும், இன்னாருக்கு இப்படித்தான் சரியாயிற்று என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுவார்கள். சிகிச்சையை நிறுத்துவது என்ற முடிவைப் பல இரவுகள் பேசி எடுத்த குடும்பத்துக்கு, ‘அதற்குள் கைவிட்டுவிட்டீர்களா?’ என்ற ஒரு வரி போதும், எல்லாம் மறுபடி ஆட்டம் காணும். போராட்டம், வெற்றி என்ற சொற்களும் அங்கே தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கப்போகிறவரை நோக்கி ‘நீங்கள் ஜெயிப்பீர்கள்’ என்று இருநூறு பேர் எழுதும்போது, அவர் எப்படி ‘போதும்’ என்று சொல்வார்?

பணம் தேவைப்பட்டால் நிலைமை மாறுகிறது. நிதி திரட்டப் பொது இடம் வேண்டும். அறையைப் பூட்டிக்கொண்டு உதவி கேட்க முடியாது. அப்போதும் நிதிக்கான பக்கத்தையும் அன்றாடச் செய்தியையும் பிரித்து வைப்பது நல்லது. நிதிப் பக்கத்தில் நோயின் பெயர், தேவைப்படும் தொகை, பணம் எதற்கு, யார் கணக்கில் சேர்கிறது என்பவை போதும். இரவு எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்பது நன்கொடையாளர் அறிய வேண்டிய செய்தி ஆகாது. அதே சமயம் ஆதாரம் கேட்பவர்கள்மேல் கோபப்படவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்பவர் தமக்கு மூளையில் புற்றுநோய் இருந்ததாகவும் உணவால் குணமடைந்ததாகவும் சொல்லிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். 2015இல் அது பொய் என்று வெளிப்பட்டது, 2017இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அத்தகைய ஏமாற்றுகளின் விலையை உண்மையான நோயாளிகளின் குடும்பங்கள் இப்போதும் கட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று: பொதுவில் போட்ட படத்தை வேறு யாரோ எடுத்துத் தங்கள் பெயரில் வசூல் நடத்துவதும் நடக்கிறது.

வாட்ஸ்அப் குழுவின் பலம், புதிதாக யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது. பாட்டி முதல் பேரன் வரை ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். பலவீனமும் அதுவே. எழுபது பேர் இருக்கும் குழுவில் நீங்கள் ‘இன்று மார்ஃபின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்’ என்று எழுதினால், எழுபது கைகூப்பிய படங்கள் வரும், நடுவில் ஒருவர் பழக்க தோஷத்தில் காலை வணக்கம் போடுவார், உண்மைச் செய்தி மேலே எங்கோ போய்விடும். இதற்கு எளிய தீர்வு அமைப்பிலேயே உள்ளது: நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிடலாம். பதில் சொல்ல விரும்புகிறவர் தனியாக எழுதிக்கொள்ளட்டும். முதல் நாளிலேயே இப்படிச் செய்தால் யாரும் வருந்துவதில்லை. நடுவில் மாற்றினால் ‘நான் போட்டதில் என்ன தவறு?’ என்ற கேள்வி வரும்.

குழுவில் இருப்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியும் என்பது சில குடும்பங்களுக்குச் சிக்கல். பேசாத உறவுகள், பிரிந்த துணைவர், அலுவலக மேலதிகாரி எல்லோரும் ஒரே அறையில் நிற்பதுபோல் ஆகிவிடும். அப்படியானால் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவருக்கு மற்றவர் தெரியமாட்டார். பதில்கள் உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பழைய தோழர் ஒருவர் ‘எனக்கு யாருமே சொல்லவில்லை’ என்று பிறகு குமுறுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

மூடிய குழு என்றாலும் அது இரும்புப் பெட்டி இல்லை. ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் செய்தி வெளியே போய்விட்டது. முழுக் குறியாக்கம் செய்தி வழியில் களவு போகாமல் பார்த்துக்கொள்கிறது. பெறுபவரின் வாயை அது கட்டாது. ஆகவே மூடிய குழுவிலும், நோயாளி காதில் விழுந்தால் அவர் கூசக்கூடிய எதையும் எழுதாமல் இருப்பதே என் அளவுகோல். டயப்பர் பற்றியோ, நினைவு தவறிப் பிதற்றியதைப் பற்றியோ எழுத என்ன அவசியம்?

தனிப்பக்கச் சேவைகளில் பழமையானது கேரிங்பிரிட்ஜ். 1997இல் சோனா மெஹ்ரிங் என்பவர், தம் தோழிக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றிய செய்தியை எல்லோருக்கும் சொல்வதற்காக ஒரு பக்கம் அமைத்ததிலிருந்து வளர்ந்தது அது. லாப நோக்கமற்றது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. யார் படிக்கலாம் என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம். பதிவுகள் நாட்குறிப்புபோல் தேதி வரிசையில் நிற்பதால், மூன்று வாரம் கழித்து எட்டிப் பார்ப்பவரும் நடந்ததை முதலிலிருந்து படித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் இது அவ்வளவு எளிதில்லை. உறவும் நட்பும் பல நாடுகளில் சிதறியிருந்து, எழுதுபவருக்கு நீளமாக எழுதும் பழக்கமும் இருந்தால் இதுவே சிறந்தது. ஆனால் புதிய கணக்கு தொடங்கச் சொன்னாலே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், குறிப்பாக முதியவர்கள். அவர்களுக்காக மறுபடி தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தால் வேலை எங்கே குறைந்தது?

தொலைபேசி வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமையான ஓர் உறவினர் கிடைத்தால் நன்றாக நடக்கும். நான்கு வாய் மாறும்போது ‘ஓய்வெடுக்கிறார்’ என்பது ‘நினைவில்லை’ என்றாகிவிடும் என்பது மட்டும் ஆபத்து.

எழுத்துச் செய்திக்கு இன்னொரு பயன் உண்டு. 1991இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் ‘கலிபோர்னியா மகள்’ என்ற நிலையை மருத்துவர்கள் பாதி வேடிக்கையாக விவரித்தார்கள். வெகுதொலைவில் இருந்துவிட்டுக் கடைசியில் வந்திறங்கும் உறவினர், அருகில் இருந்தவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து எடுத்த முடிவுகளை ஒரே நாளில் தலைகீழாக்க முயல்வதைத்தான் அப்படிச் சொன்னார்கள். (கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மகளை வேறு நகரத்தின் பெயரால் அழைக்கிறார்களாம்.) அந்த மகளின் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் குற்ற உணர்வும் அறியாமையும் இருக்கின்றன. எடை குறைந்தது, நடை நின்றது, கீமோ நிறுத்தப்பட்டது என்று ஒவ்வொன்றையும் அந்தந்த வாரமே படித்துவந்தவர் வாசலில் வந்து நின்று ‘ஏன் எதுவும் செய்யவில்லை?’ என்று கேட்பது குறையும். எனக்கு மூடிய குழு பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஆறுதல் வாங்குவதற்கு அது சுமாரான இடம். எல்லோரையும் ஒரே பக்கத்தில் வைத்திருப்பதற்கு நல்ல இடம்.

ஆறுதல் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு உளவியலாளர் சூசன் சில்க்கும் பாரி கோல்ட்மனும் 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் ஒரு வழி சொன்னார்கள். நோயாளியை நடுவில் வைத்து வட்டங்கள் வரையுங்கள்: அடுத்த வட்டத்தில் துணைவர், பிறகு பிள்ளைகள், பிறகு நண்பர்கள், அறிமுகமானவர்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போகலாம். புலம்பல் வெளிவட்டத்தை நோக்கித்தான் போக வேண்டும். திறந்த பக்கத்தின் குறை இதில் பளிச்சென்று தெரிகிறது. அங்கே வட்டங்களே இல்லை. வெளியில் இருப்பவர் ‘என்னால் தாங்க முடியவில்லை, இரவு முழுக்க அழுதேன்’ என்று எழுதுவது நேராக நடுவில் வந்து விழுகிறது, நோயாளியின் மனைவி அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, எழுதுபவரின் மனச்சுமை? அதற்கு நோட்டுப் புத்தகம். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவும் சீரற்றதாகவும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாணவர்களுக்கு ரசிகர்களோ விருப்பக் குறிகளோ இல்லை. வாசகர் இல்லாதபோதுதான் ‘இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இன்று நினைத்தேன்’ என்று எழுத முடிகிறது. பராமரிப்பவர்கள் பலர் அப்படி நினைக்கிறார்கள். அதைக் குழுவில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. மனத்துக்குள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. அந்த நோட்டை ஒரு நாள் பதிப்பிக்க விரும்பினால் அதற்கு அவசரமில்லை. இறந்தபின் ஓராண்டு கழித்துப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்குள் எதை நீக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

குழுவில் போடும் செய்தி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: ‘ஸ்கேனில் கல்லீரலுக்கும் பரவியிருப்பது தெரிந்தது. இனிக் கீமோ இல்லை, வலியைக் குறைக்கும் சிகிச்சை மட்டும் என்று அப்பாவும் நாங்களும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். மார்ஃபின் தொடங்கியபின் வலி அடங்கியிருக்கிறது. பகலில் அதிகம் தூங்குகிறார். இந்த வாரம் நேரில் வர வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். எழுதி அனுப்பினால் அவருக்குப் படித்துக் காட்டுகிறோம். அடுத்த செய்தி ஞாயிற்றுக்கிழமை.’ முடிவு யாருடையது என்பதை அது சொல்லிவிடுகிறது. கேட்பதற்குக் கேள்வி மிச்சம் வைக்கவில்லை. அடுத்து எப்போது என்பதும் உண்டு. அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் தொலைபேசி மறுபடி அடிக்கும்.

எழுதுபவர் ஒருவராக இருக்கட்டும், கூடவே மாற்றாள் ஒருவர். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து துடைத்துக் கழுவுபவர் எழுதும் பொறுப்பையும் சுமக்க வேண்டாம். அவர் சொல்ல, வேறொருவர் எழுதட்டும். தொலைவில் இருந்து நீளமாக எழுதத் துடிக்கும் உறவினருக்கு இது நல்ல வேலை.

கடைசி நாட்களுக்கு விதி கடுமையாக வேண்டும். அப்போது பலருக்கு நினைவு தடுமாறும், மூச்சின் ஒலி மாறும். எதற்கும் சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இருக்கமாட்டார். முன்பு கொடுத்த சம்மதம் அந்தப் படுக்கைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெளிவாக இருக்கும்போதே ‘எதுவரை எழுதலாம், படம் போடலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்டிருக்கவில்லை என்றால் படம் வேண்டாம். இறந்த செய்தி குழுவுக்குப் போகும் முன், அதைக் குரல் வழியாகக் கேட்க வேண்டியவர்களின் பெயர்களையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குகளையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பேஸ்புக்கில் நினைவுக் கணக்காக மாற்றும் வசதி 2009 முதலும், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவரை நியமிக்கும் வசதி 2015 முதலும் உண்டு. நியமிக்கப்பட்டவர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஒரு பதிவை நிறுத்தலாம். தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. ஆப்பிளில் இதே போன்ற ஏற்பாடு 2021 இறுதியில் வந்தது. அணுகு குறியீடும் இறப்புச் சான்றிதழும் கேட்கும். கூகுளில், கணக்கு இத்தனை மாதம் பயன்படாவிட்டால் இன்னாருக்குத் தெரிவி என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். இப்படி ஆளை நியமிப்பதும் குறித்து வைப்பதும் நோயாளி தாமே செய்ய வேண்டியவை. பிறகு அந்த வாசல் மூடிவிடும். பழைய பதிவுகளை ஆண்டுதோறும் நினைவூட்டும் பேஸ்புக் வசதியில் குறிப்பிட்ட நபரையோ தேதியையோ மறைத்து வைக்க முடியும், அதைக் குடும்பத்தினர் தங்கள் கணக்குகளில் செய்துகொள்ளலாம்.

குழுவை என்ன செய்வது? இரங்கல் செய்தி போன பிறகு எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடுங்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத கதைகள் வரும், பழைய படங்கள் வரும். மறையும் செய்திகள் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதிகபட்சம் 90 நாளில் எல்லாம் அழிந்துபோகும். வரத்து நின்றபின் உரையாடலைப் படங்களோடு கோப்பாக ஏற்றுமதி செய்து, இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, குழுவை மூடுகிறோம் என்று ஒரு வரி எழுதி மூடிவிடலாம்.